முன்னால் வரி, பின்னால் கட்டம்

என் இடுப்பின் இடப்பக்கத்தில் ஒரு வலி குடியிருக்கிறது. மழைக்கு முதல் நாளே எழுந்து உட்கார்ந்துவிடும். குடை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதை என் மனைவி சுசீலா அந்த வலியைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறாள். அதை எனக்குத் தந்தவர் வேதநாயகம். நான் விழ வேண்டும் என்று அவர் நினைத்தாரா என்றால், சத்தியமாக இல்லை. விழுகிறேனா இல்லையா என்று பார்க்க நினைத்தார். அவ்வளவுதான்.

வேதநாயகம் போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். 1957இல் ஒரு தகரப் பெட்டியோடும் மனைவி சிசிலியாவோடும் கப்பலேறி வந்து இறங்கியவர். நானும் அதே கப்பல். நான் டெலானிபூரில் குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு குமாஸ்தாவாகக் கோப்பு புரட்டப் போனேன். அவர் ஹேடோவில் கிரீஸ் பூசிக்கொள்ளப் போனார். கப்பலில் நாலு நாள் சேர்ந்து வாந்தியெடுத்த உறவு எங்களுடையது. இந்தத் தீவில் அதற்கு மேல் நெருங்கிய சொந்தம் கிடையாது.

அவரிடம் ஒரு குணம் உண்டு. எதையும் பிறர் சொல்லி ஏற்றுக்கொள்ள மாட்டார். குடை வாங்கப் போனால் கடைக்காரர் கண் முன்னாலேயே அதை விரித்துக் கூரைத்தண்ணீர் கொட்டும் இடத்தில் ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு தடவை கைக்கடிகாரம் வாங்கினார். தண்ணீர் புகாது என்று சொன்னார்களாம். வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. கடை வாசலில் இருந்த குடத்தில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தார். டீ முடிந்தபோது கடிகாரமும் முடிந்துபோயிருந்தது. அவருக்கு வருத்தமே இல்லை. தெரிந்துகொண்டோம் அல்லவா என்றார்.

1968 ஏப்ரலில், பட்டாளத்தார் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் ஒரு மோட்டார்சைக்கிள் கிடந்தது. காட்டிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. பச்சை வர்ணம், உயரமான மட்கார்டு, சக்கரங்களில் பல் பல்லாகப் பெரிய கட்டிகள் வைத்த டயர். எஞ்சினுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வேறு யாரும் கை தூக்கவில்லை. வேதநாயகம் தூக்கினார். ஒரு மாதம் அதைப் பிரித்துப் பரப்பி, பின்னால் ஒருவர் உட்கார ஒரு சீட்டும் செய்தார். அந்தச் சீட்டுக்காக மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். தேங்காய் நாரும் பழைய பாய்த்துணியும் வைத்து அடைத்து, தானே உட்கார்ந்து பார்த்து, திருப்தி இல்லாமல் பிரித்து, மறுபடி அடைத்தார். அது சிசிலியாவின் இடம்.

சிசிலியா பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுப்பவர். குறைவாகப் பேசுவார். பேசினால் அதற்கு மேல் பேச ஒன்றும் மிச்சமிருக்காது.

மே மாதக் கடைசி ஞாயிறு, முதல் மழை பெய்து ஓய்ந்த காலையில், இருவரும் மாதா கோயில் பூசைக்குக் கிளம்பினார்கள். டெலானிபூர்ச் சரிவைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள், மலையை ரோடு என்று நினைத்துத் தார் ஊற்றிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சரிவின் நடுவில் ஒரு வளைவு. அந்த வளைவில் வண்டி, எனக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் தனியாகப் போய்ப் படுத்துக்கொண்டது. சிசிலியா நீல வாயில் துணிப் புடவையோடு உட்கார்ந்த வாக்கிலேயே ரோட்டில் வழுக்கிக்கொண்டு போய் ஓரத்துச் சாக்கடையில் இறங்கினார். கையிலிருந்த ஜெபப்புத்தகத்தை மட்டும் கடைசிவரை தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். எழுந்தார். புடவையைப் பிழிந்தார். கணவரிடம் ஒரே ஒரு தடவை பேசினார்.

“வண்டி சறுக்காதுன்னு சொல்லுத அன்னைக்கு வந்து கூப்பிடுங்க. அதுவரைக்கும் எனக்குக் கால் இருக்கு.”

அப்படியே நடந்து பூசைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேடோவிலிருந்து ஓர் ஊர்வலம் கிளம்பும். முன்னால் குடை பிடித்துக்கொண்டு சிசிலியா. அவர் நடைக்குச் சமமாக, முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு வேதநாயகம். பின்னால் காலி சீட். வழியில் எத்தனை பேர் கை காட்டினாலும் ஏற்ற மாட்டார். காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்த என்னைக்கூட ஏற்றவில்லை. அந்த இடம் நிரம்பிவிட்டது என்றார். யாரும் இல்லையே என்றேன். நடந்து வர்றாங்க என்றார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து சுசீலாவிடம் சொன்னபோது, அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு வருடத்தில் தனக்காக ஒரு சீட்டும் யாரும் காலியாக வைக்கவில்லை என்று அந்தப் பார்வையில் இருந்தது.

கோளாறு எங்கே என்பதை வேதநாயகம் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். டயரில் பல் அதிகமிருந்தால் பிடிப்பும் அதிகம் என்று அவர் நம்பியிருந்தார். சேற்றில் அது உண்மை. கட்டிகள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். தார் ரோட்டுக்குள் எங்கே இறங்குவது? கட்டிகளின் நுனி மட்டும்தான் ரோட்டைத் தொடும். சாய்த்தால் அதுவும் வளைந்து கொடுத்துவிடும். ஆகவே ரோட்டு டயர் வேண்டும். அது போர்ட் பிளேரில் கிடையாது. மெயின்லேண்டிலிருந்துதான் வரவேண்டும்.

மெயின்லேண்டுக்கு யாராவது போனால் பத்து வீட்டு லிஸ்ட் அவர் பையில் ஏறும். இது இங்கே எழுதாத சட்டம். ஜூலையில் காண்ட்ராக்டர் பன்னீர்செல்வம் மதராஸ் போவதாக இருந்தார். சீப்பு, ஜாதிக்காய், ஜாக்கெட் துணி என்று அவருடைய லிஸ்ட் ஏற்கெனவே முழ நீளம். டயர் தூக்கி வர ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். ஆனால் கண்டிஷன் போட்டார். என்ன மாதிரி டயர் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கவேண்டும். அங்கே கடையில் நின்று யோசிக்க முடியாது. தப்பாக இருந்தால் அடுத்த தடவை போகும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த தடவை என்பது மறு வருஷம். மறு வருஷம்வரை அந்தச் சீட் காலி.

கப்பல் கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. ரோட்டு டயர்களில் இரண்டு ஜாதி உண்டு என்று வேதநாயகம் கேள்விப்பட்டிருந்தார். ஒன்றில் சுற்றிலும் நீள நீளமாக வரி ஓடும். மற்றதில் கட்டம் கட்டமாக வெட்டு இருக்கும். ஈரச் சரிவில் எது நிற்கும்? வரி என்றார் ஒரு லாரி டிரைவர். கட்டம் என்றார் இன்னொருவர். குடையையே நனைத்துப் பார்த்து வாங்குகிறவர் டிரைவர் சொல்லை நம்புவாரா?

அந்த வாரம் ஒருநாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஜோடி செருப்பு. படகுத்துறை ஓரத்தில் படகு இடிக்காமல் தொங்கவிடும் பழைய டயர்களிலிருந்து வெட்டிச் செய்தது. துறைமுகத்தில் பாதிப் பேர் காலில் அந்த மாதிரிச் செருப்புதான். ஆனால் இது நல்ல வேலைப்பாடு. ஓரம் சீவி, வார் தைத்து, ஆணி தெரியாமல் அடித்திருந்தார். அடியில் ஜீப் டயரின் நீள வரிகள் பளிச்சென்று இருந்தன. தினமும் ஆபீசுக்கு இதையே போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நான் நெகிழ்ந்துபோனேன். கப்பல் வாந்தி வீண்போகவில்லை என்று நினைத்தேன். இந்த மனுஷன் சும்மா கொடுக்க மாட்டாரே என்றாள் சுசீலா. உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் என்று நான் அவளை அடக்கினேன். அதற்கு இன்றுவரை அனுபவிக்கிறேன்.

இன்னொரு ஜோடி, வங்காளி மீன்காரர் ஹரிபதாவுக்குப் போயிற்று. அது லாரியின் பின்சக்கர டயர். அடியில் கட்டம் கட்டமாக இருந்தது. மூன்றாவது ஜோடி, தேய்ந்து கண்ணாடியான ஒரு மொட்டை டயரில் செய்தது. அதை யாருக்கும் கொடுக்க மனம் வராமல் தானே போட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு அவரிடம் மனசாட்சி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாளிலிருந்து காலையில் நான் ஆபீசுக்கு இறங்கும் நேரத்தில் அவர் சரிவின் அடியிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார். என் காலையே பார்ப்பார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மழை கொட்டும் நாட்களில் இன்னும் சந்தோஷமாக வரவேற்றார். ஹரிபதா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கி வருவார். “பகுத் படியா சப்பல், தாதா” என்று டீக்கடை முழுக்கக் கேட்கச் செருப்பைப் புகழ்ந்துவிட்டுப் போவார்.

ஏழாம் நாள் நான் விழுந்தேன். நல்ல மழை. கையில் ஆபீஸ் கோப்பு. வளைவு தாண்டி நேராக இறங்கும்போது கால் இரண்டும் என்னைக் கேட்காமல் முன்னால் கிளம்பிவிட்டன. இடுப்பு ரோட்டில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. டீக்கடையிலிருந்து வேதநாயகம் ஓடி வந்தார். தூக்கப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. என் கால்மாட்டில் குந்தி உட்கார்ந்தார்.

“சார், எந்திரிக்காதீங்க, ஏக் மினிட். கால் முன்னால போச்சா, பக்கவாட்டுல போச்சா?”

முன்னால் என்றேன். “அச்சா” என்று சொல்லிவிட்டு அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் என்னைத் தூக்கினார். அந்தக் காகிதத்தை நான் பார்த்தேன். ‘வரி: சிவஞானம் சார்’ என்று என் பெயர். ‘கட்டம்: ஹரிபதா’ என்று அடுத்த வரி. ஒரு நாள் தவிர மற்ற நாளைக்கெல்லாம் குறி போட்டிருந்தது. இந்த ஊரில் எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது. பன்னிரண்டு பேர் வேலை செய்கிற ஆபீசில் மூன்றாவது நாற்காலி என்னுடையது. அப்படிப்பட்டவனை ஒருவர் ஜீப் டயராக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

இரண்டு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே ஹேடோவுக்குப் போய் சிசிலியாவிடம் முறையிட்டேன். மறுநாள் கப்பல். வேதநாயகம் டீக்கடையில் பன்னீர்செல்வத்தோடு உட்கார்ந்து லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரி போட்ட நான் விழுந்ததையும், கட்டம் போட்ட ஹரிபதா ஒரு நாளும் விழாததையும், ஆகவே இரண்டு சக்கரத்துக்கும் கட்டமே என்று முடிவாகிவிட்டதையும்.

சிசிலியா கணவரைத் திட்டுவார் என்று ஆவலோடு காத்திருந்தேன். அவர் என் செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, ஹரிபதாவும் வழுக்கினார் என்றார். போன செவ்வாய்க்கிழமை அவர் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தபோது சிசிலியாதான் பின்னாலிருந்து மீன் கேட்டுக் கூப்பிட்டாராம். ஹரிபதா சட்டென்று திரும்பியதும் கால் பக்கவாட்டில் போய், கூடை சாய்ந்து, பத்துப் பன்னிரண்டு சூரை மீன் சரிவில் உருண்டோடியிருக்கிறது. வேதநாயகம் அன்று ஷிப்டு மாறிப் போயிருந்ததால் காகிதத்தில் அது ஏறவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அவர் என்னுடைய செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சாலையில் ஹரிபதாவை நிறுத்தி அவரிடமிருந்தும் ஒன்றைக் கழற்றி வாங்கினார். பிறகு நடந்ததை டெலானிபூர் இன்னும் பேசுகிறது. தூறலில், ஒரு காலில் வரி, ஒரு காலில் கட்டம் மாட்டிக்கொண்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சிசிலியா அந்தச் சரிவில் இறங்கினார். நேராக இறங்கியபோது வரிக்கால் வழுக்கப் பார்த்தது, கட்டக்கால் நின்றது. பிறகு தண்ணீர்க்குடம் தூக்குகிற பெண்கள் நடக்கிற மாதிரி சரிவுக்குக் குறுக்கே நடந்தார். இப்போது வரிக்கால் நின்றது, கட்டக்கால் நழுவியது. ஒரு தடவை கையை ஊன்றும்படி ஆயிற்று. மறுபடி ஏறிப்போய் மறுபடி இறங்கினார். தன் கால் தனக்குப் போதும் என்று சபதம் போட்டவர் அந்தக் காலையே பணயம் வைத்து இதைச் செய்கிறார் என்றால் என்ன அர்த்தம்? அவருக்கும் அந்தச் சீட்டில் உட்கார ஆசை இருந்தது. காகிதத்தை வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்த வேதநாயகத்துக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இடுப்பு வலிக்கிறவனுக்கு யோசிக்க நேரம் நிறைய.

சிசிலியா நேராக அவரிடம் வந்தார்.

“வண்டி அன்னைக்கு நேராப் போயா விழுந்துச்சு? திரும்பையில சாஞ்சுல்லா விழுந்துச்சு. முன்சக்கரம் திரும்புறதுக்கு, பின்சக்கரம் தள்ளுறதுக்கும் நிக்கிறதுக்கும். ரெண்டுக்கும் ஒரே செருப்பு மாட்டணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?”

வேதநாயகம் மனைவியின் பாதங்களைப் பார்த்தார். பிறகு லிஸ்டில் தான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘முன்னால் வரி, பின்னால் கட்டம்’ என்று எழுதினார். பன்னீர்செல்வம் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்துப் பையில் வைத்துக்கொண்டார். என் செருப்பில் ஒன்றும் ஹரிபதாவின் செருப்பில் ஒன்றும் சிசிலியாவின் காலோடு போய்விட்டன. மிச்சமிருந்ததில் நானும் ஹரிபதாவும் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் நடுவில் பன்னீர்செல்வம் திரும்பினார். தோளுக்கு ஒன்றாக டயரை மாட்டிக்கொண்டு ஹேடோவில் இறங்கினார். கப்பலில் கடல் கொந்தளித்த மூன்றாம் நாள், ஒன்றுக்குள் உட்கார்ந்து இன்னொன்றில் தலை சாய்த்துக் கிடந்ததாகவும், கப்பலுக்கு ஏதாவது ஆனால் டயரில் தங்களுக்கும் பிடித்துக்கொள்ள இடம் வேண்டும் என்று நாலு பேர் சொல்லிவைத்ததாகவும் முறையிட்டார். வேதநாயகம் டயரை முகர்ந்து பார்த்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார். மாட்டினார். ஒரு வாரம் தனியாக ஈரச் சரிவில் ஏறி இறங்கினார். வண்டி ஒட்டிக்கொண்டு ஓடியது. சனிக்கிழமை மாலை சிசிலியாவிடம் போய், சறுக்காது என்றார்.

ஞாயிறு காலை தூறல். ஹேடோவிலும் டெலானிபூரிலும் பாதிப் பேர் வாசலில் நின்றோம். சுசீலாவும் நானும் மாதா கோயில் பக்கம் போகாதவர்கள். அன்று, சரிவு முழுக்கத் தெரிகிற அதன் வாசலுக்கே போய்விட்டோம். சிசிலியா அதே நீல வாயில் புடவை கட்டியிருந்தார். அடியில் அந்த ஒற்றை ஒற்றைச் செருப்பு. ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு ஏறி உட்கார்ந்தார். வலது கை வேதநாயகத்தின் தோளில், இடது கையில் ஜெபப்புத்தகம். வண்டி சரிவில் இறங்கியது. அந்த வளைவில் சாய்ந்தது. சாய்ந்த இடத்திலேயே கம்பீரமாகத் திரும்பி நிமிர்ந்தது. யாரோ கை தட்டினார்கள். நான்தான் என்று சுசீலா பிறகு சொன்னாள்.

கோயில் வாசலில் பூசைக்கு வந்த கூட்டமே நின்று வழிவிட்டது. வேதநாயகம் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. வண்டியை மெதுவாக நிறுத்தினார். இடது காலை எடுத்துப் பாசி படிந்த கல்லில் ஊன்றினார்.

மொட்டை டயர் செருப்பு. கால் காணாமல் போயிற்று. வண்டி ஒரு யானை படுப்பதுபோல் அவசரமில்லாமல் இடப்பக்கம் சாய, அவரும் அதோடு சாய்ந்தார். சிசிலியாவின் கால்கள் அந்தப் பக்கம்தான் தொங்கிக்கொண்டிருந்தன. வரிக்காலும் கட்டக்காலும் தரையில் பதிய, அவர் மாடிப்படியிலிருந்து இறங்குகிறவர் மாதிரி இறங்கி நின்றுவிட்டார். ஜெபப்புத்தகத்தில் ஒரு துளிகூடப் படவில்லை. வேதநாயகம் மட்டும் கீழே.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்குத்தான் முதல் உரிமை, எனக்கே வரவில்லை. ஏனென்றால் அந்த மனுஷன் அடிபட்டதைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தார். மூன்றரை மாதம் பாடுபட்டது அத்தனையும் போயிற்று, இனி இவள் ஏற மாட்டாள் என்று அவர் கண்ணில் எழுதியிருந்தது.

சிசிலியா முதலில் குனிந்து முன் டயரைப் பார்த்தார். பின் டயரைப் பார்த்தார். பிறகு கணவரின் இடது காலைத் தூக்கிச் செருப்பின் அடிப்பக்கத்தைக் கூட்டத்துக்கே தெரிகிற மாதிரி திருப்பினார்.

“ரெண்டு சக்கரத்துக்கு ஊரையே விழத்தட்டி யோசிச்சீயளே. உங்க காலுக்கு ஒரு நாளு யோசிச்சீயளா?”

பிறகு இரண்டு செருப்பையும் அவர் காலிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு, மணி அடித்துவிட்டது என்று சொல்லிக் கோயிலுக்குள் போய்விட்டார்.

பூசை முடிந்து சிசிலியா வந்தபோது, வேதநாயகம் வெறுங்காலோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதாகவும், அவர் குடை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கலாம் என்றும் சொன்னார். சிசிலியா ஏறி உட்கார்ந்தார். சீட்டின் நாரை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

நானும் சுசீலாவும் பின்னாலேயே நடந்து வந்தோம். வண்டி அந்த ஈரச் சரிவில் ஏறியது. வளைவு வந்ததும் சிசிலியா, தான் மே மாதம் இறங்கிய அதே சாக்கடையில், கையிலிருந்த மொட்டைச் செருப்புகளை ஒவ்வொன்றாக எறிந்தார். பிறகு அந்தக் கையைக் கணவரின் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.